நட்சத்திரத்தின் மேல் ஒட்டிய கப்பல்

கல்யாணமாகி மலாக்காவை அடுத்த ஜாசின் டவுனுக்கு வந்த புதிதில் எனக்குச் சக்களத்தியாக இருந்தது ஒரு பெயர்ப்பலகை. காலையில் கடைக்கதவைத் திறந்ததும் என் வீட்டுக்காரர் முதலில் அதைத்தான் துடைப்பார். தன் முகம் கழுவுவதெல்லாம் அப்புறம். சிவப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து, நடுவில் மூன்று நட்சத்திரங்கள். சிங்கப்பூரில் இருந்த ஒரு கோப்பித்தூள் கம்பெனியின் மார்க் அது. நாங்கள் ஜாசின் ஏஜெண்ட்.

ஏஜெண்ட் என்றால் சும்மா வாங்கி விற்பது இல்லை. கம்பெனி சொல்லும் பக்குவத்தில் கொட்டையை வறுத்து அரைக்க வேண்டும். கம்பெனியிடமே டின் வாங்கி அதில் அடைக்க வேண்டும். கடைக்கு அவர்கள் சொல்லும் சாயம்தான் பூச வேண்டும். பதிலுக்கு எங்கள் வட்டாரத்தில் அந்தப் பெயரில் வேறு யாரும் விற்க மாட்டார்கள். இதற்கெல்லாம் இங்கிலீஷில் ஓர் ஒப்பந்தம் இருந்தது. முன்பணமும் கட்டியிருந்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாள் கேட்டேன்.

"எல்லாம் நல்லதுதான் எழுதியிருக்கு" என்றார்.

"படிச்சீங்களா?"

"படிச்சுக் காட்டுனாங்க."

அவ்வளவுதான் எங்கள் ஒப்பந்த ஞானம்.

அந்த டின்னுக்கு ரப்பர்த் தோட்டங்களில் நல்ல மவுசு. மூடி இறுக்கமாக இருக்கும், எறும்பு ஏறாது. தூள் தீர்ந்ததும் பால்வெட்டுப் பெண்கள் அதற்குக் கம்பியில் பிடி போட்டு, கறுப்புக் கோப்பி ஊற்றி வேலைக்காட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். பழைய டின்னைக் கொண்டுவந்தால் தூளை மட்டும் நிரப்பி விலையைக் குறைத்துக் கொடுப்போம். அதனால் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் எங்கள் டின் இல்லாத வீடு நியாலாஸ் வரைக்கும் கிடையாது என்று அவர் பெருமை அடித்துக்கொள்வார். பெருமை அடித்துக்கொள்ள வேறு என்ன இருந்தது எங்களிடம்?

பிறகு அவசரகாலம் வந்தது. தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்கம்பி ஏறியது. அரிசிக்கு அளவு வைத்தார்கள். வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டில் நிறுத்தி, பையையும் மடியையும் சோதித்தார்கள். வெள்ளைக்காரனை எதிர்த்துக் காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி சோறுகூடப் போய்விடக் கூடாது என்பது சட்டம். எங்களுக்கு அதோடு இன்னொரு சனியனும் சேர்ந்துகொண்டது. காட்டில் இருப்பவர்களின் தொப்பியில் மூன்று நட்சத்திரம் இருக்கும். ஜப்பான்காரன் போன கையோடு அவர்கள் டவுனுக்குள் வந்து அதிகாரம் செய்த நாளிலிருந்தே மலாய்க்காரர்கள் அவர்களை 'பிந்தாங் தீகா', மூன்று நட்சத்திரம், என்றுதான் சொல்வார்கள்.

முதலில் அது கேலியாகத்தான் இருந்தது. "பிந்தாங் தீகா கோப்பி ஒரு டின்னு போடுலா" என்று கடை வாசலில் நின்று கத்துவார்கள். அவரும் சிரிப்பார். ஒரு தோட்டத்துத் துரை, அந்த டின் தன் தோட்டத்துக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார் என்றதும் சிரிப்பு நின்றது.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி ஆள் வந்தார். சிங்கப்பூர்த் தமிழர். வெள்ளைக் கால்சட்டை, வாசனை எண்ணெய். எங்கள் நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் உட்காருவார். அந்த ஒன்றுக்காகவே எனக்கு அவரைப் பிடிக்காது.

"மார்க்க மாத்தியாச்சு" என்றார். "இனிமே கப்பல். தீபாவளிக்குள்ள பழைய மார்க் ஒன்னுகூட வெளிய இருக்கக் கூடாது. போர்டு, டின்னு, சைக்கிள் பெட்டி, எல்லாம் மாத்தணும்."

"நல்லதுங்க" என்றார் என் வீட்டுக்காரர். நிம்மதியில் முகமே மலர்ந்துவிட்டது. "புது போர்டு எப்ப அனுப்புவீங்க?"

"நாங்க அனுப்புறதா? அக்ரிமெண்ட்ட பாக்கலியா நீங்க? மார்க்க மாத்துற உரிம கம்பெனிக்கு. மாத்துற செலவு ஏஜெண்டுக்கு."

நான் கோப்பியோடு உள்ளேயிருந்து வந்தேன். "மாத்தச் சொல்றது நீங்க. மார்க்கும் ஒங்களோடது. செலவு மட்டும் எங்களுதா?"

"ஒங்களுக்கு மட்டும் இல்லம்மா. மூவாரு, சிரம்பான், எல்லா ஏஜெண்டுக்கும் இதான் ரூல்."

"அப்ப கையில இருக்கிற பழைய டின்னுங்க?"

"அதுவும் செலவுதானேம்மா" என்றார், எனக்குக் கணக்குத் தெரியாது என்கிற மாதிரி. பிறகு கோப்பியைக் குடித்துவிட்டு, வறுவல் ஒரு பிசிறு கூடிவிட்டது என்று குறையும் சொல்லிவிட்டுப் போனார்.

கடைக்குப் பின்னால் அறை நிறைய நட்சத்திர டின் அடுக்கியிருந்தோம். கடனுக்கு வாங்கியவை. அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது டின் வாங்க எங்களால் முடியாது. இவர் இரண்டு நாள் அந்த டின்களை எண்ணி எண்ணிப் பார்த்தார். மூன்றாம் நாள் மலாக்கா டவுனுக்குப் போய்க் கப்பல் படம் போட்ட காகிதங்களை அச்சடித்துக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்தார். மரவள்ளி மாவில் கஞ்சி காய்ச்சச் சொன்னார். நட்சத்திரத்தின் மேல் கப்பலை ஒட்டிவிட்டால் தீர்ந்தது என்றார்.

"காயிதம் ஒட்டுனா மார்க் மாறிடுமா?" என்று கேட்டேன். "ஈரம் பட்டா உரிஞ்சிடுங்க."

"அதுக்குள்ள தூள் தீந்திடும் புள்ள. நீ கஞ்சியக் காச்சு."

பலகையிலும் அவரே சாயம் அடித்துக் கப்பல் வரைந்தார். அது கவிழ்த்துப் போட்ட செருப்பு மாதிரி இருந்தது. நான் சிரித்ததற்கு ராத்திரி சாப்பாட்டில் உப்பு இல்லை என்று கோபித்துக்கொண்டார்.

இதோடு விட்டிருந்தால் ஒன்றும் வந்திருக்காது. மற்ற ஊர் ஏஜெண்டுகள் விட்டுவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். என் வீட்டுக்காரருக்கு மட்டும் அந்த ஆள் சொன்ன வார்த்தை மண்டையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஒன்றுகூட வெளியே இருக்கக் கூடாது. அப்படியானால் லயத்து வீடுகளில் இருக்கும் டின்கள்? கம்பெனிக்குத் தெரிந்து ஏஜென்சியைப் பிடுங்கிவிட்டால்? சம்பள நாள் பார்த்து, தோட்டத்து ஆபீஸ் கிளார்க்கான கிராணியிடம் அனுமதி கேட்டு, சைக்கிளில் கஞ்சிச் சட்டியைக் கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போனார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் டின்னை எடுத்துவரச் சொல்லி, தரையில் குந்தி உட்கார்ந்து கப்பலை ஒட்டிக் கொடுத்தார். ஒருவர் வீட்டில் இருக்கும் பழைய தகரத்துக்கு வேலை மெனக்கெட்டுப் போய்ப் புது மார்க் ஒட்டிய ஏஜெண்ட் மலாயா முழுக்க இவர் ஒருவராகத்தான் இருந்திருப்பார்.

நியாலாஸ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஓர் அக்கா இருந்தார். புருஷன் செத்துத் தனியாக இருந்தவர். பால்வெட்டு. குரல் நாலு மர நிரைக்குக் கேட்கும். எங்கள் கடையில் ஒருநாளும் கடன் சொல்லாத ஆள். மாதம் ஒருமுறை டின்னைக் கொண்டுவந்து நிரப்பிக்கொண்டு, என்னோடு அரட்டையும் அடித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார். இவர் கப்பல் ஒட்டப் போனபோது, "என்னா தம்பி, எங்களயெல்லாம் கப்பலேத்தி ஊருக்கு அனுப்பப் போறியா?" என்று லயமே சிரிக்கக் கேட்டாராம். இவர் அதை வந்து என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அந்த அக்காவின் வெட்டு காட்டோரக் கடைசி நிரைகளில். ஒருநாள் டின்னை ஒரு கிளையில் மாட்டிவிட்டு வெட்டிக்கொண்டிருந்திருக்கிறார். திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. பால் வீணாகிவிடுமே என்று வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் டின்னை மறந்துவிட்டார். ராத்திரியெல்லாம் மழை. மறுநாள் காலையில் அந்தப் பக்கம் ரோந்து போன பட்டாளத்தார் கையில் அது கிடைத்தது. காகிதக் கப்பல் பாதி உரிந்து தொங்க, அடியில் மூன்று நட்சத்திரம்.

அக்காவைப் பிடித்தார்கள். யார் ஒட்டியது என்று கேட்டார்கள். கோப்பிக்கடைத் தம்பிதான், லயம் பூராவும் ஒட்டினார் என்று அக்கா உள்ளதைச் சொல்லிவிட்டார். அவரை நான் குறை சொல்லவே மாட்டேன். உண்மைதானே அது.

ஜீப் வந்து நின்றபோது இவர் வறுத்துக்கொண்டிருந்தார். முழங்கை வரை கரியும் தூளும். ஜீப்பில் ஏறிய பிறகு என் பக்கம் திரும்பி, "கொட்ட அடுப்புல இருக்கு. தீய விட்டுடாத" என்றார். நான் ஜீப்புக்குப் பின்னால் ஓடினேன். கொட்டை கருகிப் போனது. அந்தக் கருகல் வாடை கடையைவிட்டுப் போக வெகுநாளாயிற்று.

அவரை மலாக்காவுக்குக் கொண்டுபோய் அடைத்தார்கள். அந்தக் காலத்தில் கேஸ், கோர்ட்டு எதுவும் இல்லாமலே வருஷக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம். நாடுகடத்திக் கப்பலேற்றவும் சட்டம் இருந்தது. கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தினமும் எங்கள் ஊர் பாலாயில், போலீஸ் ஸ்டேஷனை எல்லாரும் அப்படித்தான் சொல்வோம், போய் உட்கார்ந்தேன். அங்கிருந்த இன்ஸ்பெக்டர் மலாய்க்காரர். கெட்டவர் இல்லை. எனக்குத் தெரிந்த பாசார் மலாயில், கடைத்தெருப் பேச்சில், அழுது புலம்பியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

பிறகு சொன்னார். நட்சத்திரம் வெளியே தெரிந்திருந்தால் அது வெறும் கோப்பி. நாங்களும் வாங்கிக் குடித்த கோப்பிதான். காகிதத்துக்கு அடியில் ஒளித்து, நேரிலேயே போய் வீடு வீடாகக் கொடுத்தால் மேலே இருக்கிறவர்கள் அதை என்னவென்று நினைப்பார்கள்? காட்டுக்குப் போகும் அடையாளம் என்றுதான் நினைப்பார்கள்.

"துவான், கம்பெனிதான் மறைக்கச் சொன்னுச்சு" என்றேன்.

அப்படியானால் கம்பெனியிலிருந்து ஒரு ஆள் வந்து அதைச் சொல்லட்டும் என்றார். ஒரே ஒரு ஆள் வந்தால் போதும், நான் மேலே எழுதி அனுப்புகிறேன் என்றார். நான் அங்கேயிருந்து நேராகத் தபால் ஆபீசுக்கு ஓடித் தந்தி கொடுத்தேன். பதில் இல்லை. மறுபடியும் கொடுத்தேன். அதற்கும் இல்லை. நம் ஆளை நாம்தானே காப்பாற்ற வேண்டும் என்று சிங்கப்பூரில் யாராவது நினைப்பார்கள் என நம்பிக்கொண்டிருந்தேன். கடைசியில் அந்தக் கம்பெனி ஆள் வந்தார். பாலாய்க்கு அல்ல, கடைக்கு. வழக்கம்போல நாற்காலியைத் துடைத்தார்.

"கம்பெனி இதுல தலையிட முடியாதும்மா. நாங்க 'மாத்து'ன்னு சொன்னோம். 'ஒட்டு'ன்னு சொன்னோமா? புது டின்னு வாங்கியிருந்தா இந்த வம்பே வந்திருக்காதுல்ல."

"புது டின்னுக்கு நீங்க பாதி குடுத்திருந்தாலும் வந்திருக்காது."

"அக்ரிமெண்ட்ல இல்லாதத நாங்க எப்படி..."

"அந்த நட்சத்திரம் யாருது சார்?" என்று கேட்டேன். "ஒங்க மார்க்தானே? அது ஒங்களுதுன்னு ஒரு வார்த்த வந்து சொல்லக் கூடாதா?"

"பழைய மார்க்கக் கம்பெனி வேணாம்னு எழுதிக் குடுத்து விட்டாச்சும்மா. அது இப்ப எங்களுது இல்ல."

"அப்ப யாருது?"

அவர் விசிறிக்கொண்டார். "யாரு கையில இருக்கோ, அவங்களுது."

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன பேசினேன் என்று முழுசாக ஞாபகம் இல்லை. எதிர்க்கடைச் சீனர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அத்தனை வருஷமும் அந்த நட்சத்திரத்தைப் போட்டு விற்றதற்கு எங்களிடம் பணம் வாங்கியவர்கள் அவர்கள். வேறு எவனாவது அதைப் போட்டு விற்றால் வக்கீல் வைத்திருப்பார்கள். ஆள் உள்ளே போன பிறகு அது எங்கள் நட்சத்திரமாகிவிட்டது.

கத்தி ஓய்ந்த பிறகு, "நீங்க வந்து சொல்றதுக்கு என்னா வேணும்?" என்று நேராகவே கேட்டேன்.

அவர் குரல் இறங்கியது. தான் வந்து தங்குவது, வேலை கெடுவது, கம்பெனி வக்கீலிடம் எழுதி வாங்குவது, எல்லாமே மார்க் மாற்றத்தால் வந்த செலவு என்றும், அது ஏஜெண்டின் பொறுப்பில் வரும் என்றும் விளக்கினார். நாங்கள் கட்டிய முன்பணத்தில் கழித்துக்கொள்ளலாமாம்.

"எடுத்துக்குங்க" என்றேன். "பூராவும் எடுத்துக்குங்க. இப்ப எந்திரிங்க, போவோம்."

பாலாயில் நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர் உள்ளே போய் இன்ஸ்பெக்டரிடம் இங்கிலீஷில் பேசினார். ஏதோ ஒரு தாளைக் கொடுத்தார். இரண்டு பேரும் சிரிக்கும் சத்தம்கூட வந்தது. ஒரு சிகரெட் எரிந்து முடிவதற்குள் வெளியே வந்துவிட்டார். இவ்வளவுதானா? இதைச் சொல்ல எத்தனை தந்தி, எத்தனை நாள்!

சில நாளில் இவரை விட்டார்கள். அக்காவையும் அன்றைக்கே விட்டார்கள். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். இவர் பாதியாகியிருந்தார். தாடியோடு, வெளிச்சத்துக்குக் கண் கூசிக்கொண்டு நின்றார். நான் அழப்போகும் சமயம் பார்த்து, "மொதல்ல அக்காவுக்கு ஏதாச்சும் குடிக்கக் குடு" என்றார். அக்கா எப்போதும்போலச் சத்தமாகப் பேசுவார் என்று நினைத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, தோட்டத்து பஸ் ஏறிப் போனார்.

தோட்டத்தில் அக்கா பெயரைச் செக்ரோலில், வேலையாட்கள் பெயர்ப்பதிவில், அடித்துவிட்டிருந்தார்கள். பெயர் இல்லையென்றால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் லயத்து வீடும் இல்லை. போலீஸ் பிடித்துப்போன ஆளை வைத்துக்கொள்ள முடியாது என்று துரை சொல்லிவிட்டார். விட்டுவிட்டார்களே, குற்றம் இல்லையென்றுதானே விட்டார்கள் என்று லயத்துக்காரர்கள் கிராணியிடம் கேட்டுப் பார்த்தார்களாம். சட்டி பானையெல்லாம் ஏற்கெனவே வாசலில் கிடந்தது. மெர்லிமாவில் தூரத்து உறவுக்காரர் வீட்டுச் சமையல்கட்டில் ஒரு மூலை கிடைத்து அங்கே போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம். தினக்கூலிக்குப் புல்லு வெட்டுகிறார் என்றும் சொன்னார்கள்.

அடுத்த மாதம் கம்பெனி ஆள் புது ஒப்பந்தத்தோடு வந்தார். கப்பல் மார்க். புது முன்பணம், தவணையில் கட்டலாம் என்று தாராள மனசு. இவர் பேனாவைத் திறந்து, மறுபடியும் மூடினார்.

"ஒன்னே ஒன்னு கேக்கணுங்க" என்றார். "அந்தப் பால்வெட்டு அக்காவுக்கு வேல போச்சு. வீடும் போச்சு. மார்க் மாத்துனதாலதானே? அந்தச் செலவ கம்பெனி ஏத்துக்கக் கூடாதா?"

கம்பெனி ஆளுக்கு நிஜமாகவே புரியவில்லை. "அந்தம்மா ஏஜெண்டா?"

"இல்லீங்க."

"அக்ரிமெண்ட்ல இல்லாத ஆள நான் எங்க கொண்டு போயி எழுதுறது?"

இவர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்திருக்கலாம். அன்றைக்கு அத்தனை கத்தியவள்தானே. கடையில் விற்க வேறு சரக்கு இல்லை. உள்ளே பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. இவர் கையெழுத்துப் போட்டார். இவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. போடாமல் இருந்திருந்தாலும் கோபம்தான் வந்திருக்கும்.

புது டின்கள் வந்து இறங்கின. நீலக் கப்பல், பளபளவென்று, தகரத்திலேயே அச்சடித்தது. வந்த அந்த வாரத்திலேயே ஒரு மத்தியானம் அக்கா கடைக்குள் வந்தார். மெலிந்து, வெயிலில் கறுத்திருந்தார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "நல்லாருக்கியா தங்கச்சி?" என்றார். அந்தப் பழைய குரல் இல்லை.

இவர் ஓடிப்போய்ப் புது டின் ஒன்றை எடுத்துத் தூளை விளிம்பு வரை நிரப்பினார். "காசு வேணாங்க்கா. டின்னும் ஒங்களுக்குத்தான்" என்று நீட்டினார்.

அக்கா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "டின்னு வேணாம் தம்பி. கொஞ்சமா தூள மட்டும் காயிதத்துல மடிச்சுக் குடு. காசு வெச்சிருக்கேன்."

இவர் பழைய பேப்பரிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். அக்கா அதை உற்றுப் பார்த்தார்.

"அதுல என்னமோ போட்டிருக்கே."

"பழைய பேப்பருக்கா. வெறும் விளம்பரம். ஒன்னும் இல்ல."

"எனக்குப் படிக்கத் தெரியாது தம்பி" என்றார் அக்கா. "ஒன்னும் போடாத காயிதமா பாத்துக் குடு."

கடை முழுக்கத் தேடினோம். சீனிச் சாக்கில் எழுத்து. பிஸ்கட் பெட்டியில் எழுத்து. தீப்பெட்டிக் கட்டைச் சுற்றிவந்த தாளிலும் ஏதோ படம். நான் உள்ளே போய் மேல்பலகைகளையெல்லாம் புரட்டினேன். வெறும் காகிதம் ஒரு துண்டுகூட எங்கள் கடையில் இல்லை. திரும்பி வந்தபோது அக்கா முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இதுல கொட்டு தம்பி" என்றார்.

இவர் அளந்து கொட்டினார். அக்கா அதை முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு, காசை மேசையில் வைத்துவிட்டு, மெர்லிமாவ் பஸ்ஸுக்கு நடந்தார்.